நின்ற நிலையில் உறைந்த மமூத்தாம்! யார் இதை நம்புகிறீர்கள்?

குளக்கட்டுப் பொடியன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சைபீரியாவில் ஒரு மமூத் (அழிந்துபோன கம்பளி யானை) மேய்ந்துகொண்டு நின்றபடியே ஒரு நொடியில் உறைந்துவிட்டதாம், வாயில் புல் அப்படியே இருந்ததாம், இறைச்சியை இப்போதும் கறி வைக்கலாமாம். ஏ.எல். விஞ்ஞானம் படித்தவர்களும் அதற்கு விருப்பம் போட்டிருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

மாங்குளத்தான்:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாமே தம்பி, என்ன பயம்? அது பெரேசோவ்கா மமூத். சைபீரியாவின் கோலிமா ஆற்றில் போய்ச் சேருகிற பெரேசோவ்கா ஆற்றங்கரையில் 1900இல் கண்டார்கள், 1901இல் விலங்கியலாளர் ஒட்டோ ஹெர்ட்ஸின் குழு தோண்டியெடுத்தது. இன்றும் சென் பீற்றர்ஸ்பேர்க் நூதனசாலையில் இருக்கிறது. வாயில் புல் இருந்ததா இல்லையா? அதை மட்டும் சொல்லும்.

முல்லை ஐஸ்காரன்:
இருந்தது. யார் இல்லையென்றது? புல் இருந்தால் சடுதியாகச் செத்தது என்று அர்த்தம். சடுதியாக உறைந்தது என்பது உம்முடைய மசாலா. இடுப்பெலும்பும் முன்னங்காலும் முறிந்து கிடந்த மிருகம் ஐயா அது. எங்கேயோ விழுந்திருக்கிறது, விழுங்க நேரமில்லை. அவ்வளவுதான்.

நான் மீனுக்கு ஐஸ் போட்டே வயதுபோனவன். பெரிய பாரை மீன் ஒன்றைக் குடல் எடுக்காமல் ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டிக்குள் வைத்து ஐஸ் குறைவாகப் போட்டுப் பாரும். செதில் மினுங்கும், கண் தெளிவாக இருக்கும், வாங்குகிறவன் ஏமாந்துபோவான். வயிற்றை அமத்தினால்தான் தெரியும், விரல் உள்ளே போகும். குளிர் நடுவுக்குப் போய்ச் சேரமுன்னமே குடல் வேலையைத் தொடங்கிவிடும். ஒரு பாரைக்கே இந்தக் கதி என்றால், தொன் கணக்கில் எடையும் கம்பளியும் கொழுப்பும் உள்ளது ஒரு நொடியில் உறையுமா? ஹெர்ட்ஸின் ஆட்கள் நாற்றம் தாங்காமல் தவித்தார்கள். நொடியில் உறைந்தது ஏன் நாறுகிறது?

மாங்குளத்தான்:
ஐஸ் விற்கிறவர் இப்போது விஞ்ஞானி. சரி, புல் இருந்தது என்று நீரே ஒப்புக்கொண்டீர். நன்றி.

விஞ்ஞான ரீச்சர்:
பிள்ளைகள், சண்டை வேண்டாம். இவை கண்ணாடிபோன்ற பனிக்கட்டிக்குள் அகப்பட்டவை அல்ல. பெரும்பாலும் உறைந்த சேற்று மண்ணுக்குள் கிடந்தவை. 2007இல் ரஷ்யாவின் யமாலில் ஒரு கலைமான் மேய்ப்பர் கண்ட லியூபா என்ற மமூத்தைப் பாருங்கள். ஒரு மாதக் குட்டி, ஏறக்குறைய 42,000 ஆண்டுப் பழசு. தும்பிக்கைக்குள் சேறு அடைத்து மூச்சுமுட்டிச் செத்தது. அப்புறம் லக்ரிக் அமிலம் சுரக்கும் பக்டீரியா உடலில் பெருகி அதை ஊறுகாய்போல் காத்தது. ஒரு நொடியும் இல்லை, அதிசயமும் இல்லை.

மாங்குளத்தான்:
ரீச்சர், லியூபாவின் வாயில் புல் இருந்ததா?

விஞ்ஞான ரீச்சர்:
அது பால்குடி.

மாங்குளத்தான்:
அப்போ அதை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள்?

ரொறன்ரோ வன்னியான்:
சிரிப்பாக இருக்கிறது. வன்னியில் ஐஸ்பழத்தைத் தவிர வேறு பனி கண்டிராதவர்கள் பனியைப் பற்றி விவாதம். எங்கள் கனடாவில் 2022இல் யூக்கொனில் தங்கம் தோண்டிய இடத்தில் குட்டி மமூத் முழுதாக வந்தது. பெயர் நுன் சோ கா. அதன் குடலிலும் புல் இருந்தது.

மாங்குளத்தான்:
பார்த்தீர்களா! புல்!

முல்லை ஐஸ்காரன்:
குடலில் புல் இல்லாமல் பிட்டும் சம்பலுமா இருக்கும்? "எங்கள் கனடா"வாம். போன தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது முற்றத்தில் யானை லத்தி கிடக்கிறதென்று வெளியே இறங்காதவர் இவர். இன்னொன்று கேளும்: மமூத்துக்கு ஆபிரிக்க யானையைவிட எங்களுடைய ஆசிய யானைதான் கிட்டிய சொந்தம். முத்தையன்கட்டுக் காட்டுக்குள் நிற்கிறதே, அதுதான். கனடாவில் எதைக் காட்டுவீர்?

குளக்கட்டுப் பொடியன்:
அந்தச் சொந்தக்காரன்தான் எங்கள் வயலை உழக்கிவிட்டுப் போனான். மின்வேலிக்கு மனுக் கொடுத்தபோது கையெழுத்து வைக்காமல் ஒளிந்தவர்களும் இந்தத் திரியில் இருக்கிறார்கள்.

மாங்குளத்தான்:
என்னைச் சொல்லுகிறீரா? அன்று நான் வவுனியா ஆஸ்பத்திரியில். பேச்சை மாற்றாதீர். இறைச்சியைச் சாப்பிட்டது உண்மைதானே?

முல்லை ஐஸ்காரன்:
பெரேசோவ்கா இறைச்சியைச் சாப்பிட்டவை நாய்கள். 1951இல் நியூயோர்க் விருந்தொன்றில் பழங்கால மிருகத்து இறைச்சி பரிமாறியதாகப் பெரிய கதை ஓடியது. அதில் மிஞ்சிய துண்டொன்று போத்தலில் கிடந்தது. 2016இல் மரபணுவைப் பார்த்தால் பச்சைக் கடலாமை!

ரொறன்ரோ வன்னியான்:
ஆமை இறைச்சியின் ருசி முல்லைத்தீவுக்காரருக்குத்தான் நன்றாகத் தெரியும். சட்டப்படி குற்றம், ஞாபகமிருக்கட்டும்.

முல்லை ஐஸ்காரன்:
ஆதாரம் இருக்கிறதா? இருந்தால் போடும். இல்லையென்றால் பொத்திக்கொண்டிரும். போன முறை வந்து என்னிடம் பெட்டிக்கணக்கில் இறால் வாங்கிப்போன காசு இன்னும் வரவில்லை, அதையும் சபையில் சொல்லட்டுமா?

விஞ்ஞான ரீச்சர்:
தம்பி, இது அதற்கான இடமில்லை.

முல்லை ஐஸ்காரன்:
ரீச்சர், அவர் தொடங்கினார். உங்களிடம் படித்தவர்தானே, அவரிடம் கேளுங்கள்.

மாங்குளத்தான்:
இறாலை விடும். புல்லுக்குப் பதில் சொல்லும்.

ரொறன்ரோ வன்னியான்:
காசு அண்ணையிடம் கொடுத்துவிட்டேன். அவரிடம் கேட்கவும்.

முல்லை ஐஸ்காரன்:
எந்த அண்ணை?

புது உறுப்பினர்:
பாரை இப்போது கிலோ என்ன விலை போகிறது?