மறு: ஆஃபா தத்துவத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,

திங்கட்கிழமை பதினோராம் வகுப்பில் இந்தப் பாடம்: அணுவில் எலக்ட்ரான்கள் ஆற்றல் குறைந்த இடத்திலிருந்து வரிசையாக நிரம்புகின்றன என்ற தத்துவம். பயிற்சித்தாளை வெள்ளிக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். பலகையில் "ஆஃபா" என்று எழுதினால், "அவர் எந்த நாட்டுக்காரர் சார்?" என்கிறார்கள். இதே பாடத்தில் வரும் பௌலி, ஹுண்ட் என்ற அறிவியலாளர்கள் வரிசையில் அதுவும் ஓர் ஆளின் பெயராகிவிடுகிறது. கட்டியெழுப்புதல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல் அது. 'கட்டுமானத் தத்துவம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே கட்டுவது ஒன்றுமில்லை, நிரப்புவதுதான்.

என் பரிந்துரை 'நிரல்நிறை': சொற்களை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்குரியதை அதே வரிசையில் பொருத்தும் அணி. "அன்பும் அறனும்" குறளுக்கு நாம் எல்லோரும் எழுதிய அதே நிரல்நிறை. பொட்டாசியத்தைப் பாருங்கள். 18 எலக்ட்ரான்கள் அமர்ந்தாயிற்று. மூன்றாம் கூட்டில் 3டி என்ற உள்கூடு காலியாகக் கிடக்க, 19ஆவது நான்காம் கூட்டின் 4எஸ்ஸுக்குப் போகிறது. முதன்மைக் குவாண்டம் எண்ணையும் (கூட்டின் எண்) கோண உந்தக் குவாண்டம் எண்ணையும் (எஸ்ஸுக்கு 0, டிக்கு 2) கூட்டினால் 4எஸ்ஸுக்கு 4, 3டிக்கு 5. சிறியது முந்துகிறது. அதனால்தான் தனிம வரிசை அட்டவணையின் நான்காம் தொடர் பொட்டாசியத்தில் தொடங்குகிறது. ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்தும் கால்சியத்துக்கு அப்புறம்தான் வருகின்றன. பிள்ளைகளுக்குப் பிடிபட வேண்டியது இந்த நிரல்.

* * *

ஐயா, சொல் அழகுதான். ஆனால் 'நிறை' உங்கள் வகுப்பிலேயே வேறு வேலையில் இருக்கிறதே! அணு நிறை படித்த பிள்ளை இதை 'நிறையின் வரிசை' என்றுதான் எடுத்துக்கொள்ளும். வேதியியலாளர் மெண்டலீவ் 1869இல் தனிமங்களை அப்படித்தான் அடுக்கினார். நிறை கூடிய டெல்லூரியத்தை அயோடினுக்கு முன்னால் வைக்கத் தன் வரிசையையே மீற வேண்டியிருந்தது. 1913இல் இயற்பியலாளர் மோஸ்லி அணு எண்ணைக் காட்டித் தீர்த்துவைத்த குழப்பம் அது. அதை ஒரு சொல்லால் திரும்ப அழைக்க வேண்டாம். 'நிரல்நிரப்பு' என்று வைக்கலாமா?

* * *

வைக்கலாம், ஆனால் புணர்ச்சி எங்கே போயிற்று? நிரல் + நிறை 'நிரனிறை' ஆவதுபோல இதுவும் 'நிரனிரப்பு' என்றுதான் வர வேண்டும். புதுச்சொல் என்பதற்காக இலக்கணத்தைத் தளர்த்தினால், நாளைக்கு எதையும் தளர்த்தலாம்.

* * *

அம்மா, இலக்கணம் உங்கள் பக்கம்தான். ஆனால் 'நிரனிரப்பு' என்பதைப் பிரித்துப் பார்க்கவே தனியாக ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். மூன்று பேர் சரி என்றதால் 'நிரல்நிரப்பு விதி' என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. குரோமியம் 4எஸ்ஸில் இரண்டை நிரப்பாமல் ஒன்றோடு நிறுத்தி, 3டியில் ஐந்தை வைத்துக்கொள்கிறது. தாமிரமும் 4எஸ்ஸில் ஒன்றுதான். இந்த நிரல் பிறழ்வுக்கு ஒரு சொல் வேண்டும். திங்கட்கிழமைக்குள் தோன்றினால் எழுதுங்கள்.