ரேடியோ பத்தாவது பாட்டிலேயே பழைய பாட்டுக்குத் திரும்பிடுது – உதவி தேவை

மணல்மேடு:
மேற்கு ஆப்பிரிக்காவுல மாலி, நைஜர் பக்கத்து கிட்டார் இசையைப் பாட்டு ஆப்ல புதுசா தேடிக் கேட்கிறேன். டினாரிவென்ங்கிற மாலி குழுவோட பாட்டு ஒண்ணுல "ரேடியோ" (அதே மாதிரி பாட்டுகளை ஆப்பே தேடி வரிசையா போடுற வசதி) அமுக்கினா முதல் ஆறேழு பாட்டு சரியா வருது. அப்புறம் ஏற்கெனவே நூறு தடவை கேட்ட தமிழ் சினிமா ஹிட்டு, நடுவுல ஒரு குழந்தைப் பாட்டு! ஆப்பை அழிச்சு மறுபடி போட்டேன், மாறலை. ஆண்ட்ராய்டு போன். வீட்டு டிவியிலயும் இதே அக்கவுண்ட்தான்.

தாளக்கட்டு:
கடைசி வரியிலதான் விடை இருக்கு. நீங்க கேட்டதெல்லாம் பதிவாகிறது அக்கவுண்ட்டில், போனில் இல்லை. அதனால ஆப்பை அழிச்சுப் போட்டுப் பயனில்லை. ரேடியோ ரெண்டு விஷயத்தைக் கலக்குது: நீங்க கொடுத்த பாட்டு ஒண்ணு, அக்கவுண்ட்டோட பழைய வரலாறு இன்னொண்ணு. முதலாவதுக்கு ஏத்த பாட்டு தீர ஆரம்பிச்சா ரெண்டாவது தலை தூக்கும்.

எந்த ஆப்னு சொல்லலை. ரெண்டுக்கும் எழுதுறேன்.

யூடியூப் மியூசிக்: யூடியூப்ல பார்க்கிற பாட்டு வீடியோவும் இதோட கணக்குல சேரும். முதல்ல டிவியை வேற அக்கவுண்ட்டுக்கு மாத்துங்க, குழந்தைக்கு யூடியூப் கிட்ஸ் போதும். அப்புறம் மியூசிக் ஆப்பில் உங்க படத்தைத் தொட்டு "வரலாறு" போய், குழந்தைப் பாட்டை ஒவ்வொண்ணா நீக்குங்க. லைக் போட்ட பாட்டுப் பட்டியலையும் பாருங்க. எப்பவோ தவறிப்போய் போட்ட லைக்குகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

ஸ்பாட்டிஃபை: குழந்தைப் பாட்டை எல்லாம் ஒரே ப்ளேலிஸ்ட்டா வெச்சு, மூணு புள்ளி மெனுவில் "ரசனைக் கணக்கில் சேர்க்காதே"ங்கிற தேர்வைப் போடுங்க. 2023லிருந்து இருக்கிற வசதி. விருந்தாளி பாட்டு போடும்போது "பிரைவேட் செஷன்" ஆன் பண்ணுங்க. ப்ளேலிஸ்ட்டை விலக்கினது உடனே பலன் காட்டாது, கொஞ்சம் பொறுக்கணும்.

செவிக்குணவு:
மேலே சொன்னது சரி. ஆனா எந்தப் பாட்டுல ரேடியோ ஆரம்பிச்சீங்க? அந்தக் குழுவிலேயே அதிகம் ஓடின பாட்டா இருந்தா அங்கேயும் சிக்கல். எல்லாரும் கேட்கிற பாட்டுக்கு "இதைக் கேட்டவர் அதையும் கேட்டார்" கணக்குல பக்கத்துல வர்றதும் ஹிட்டுதான். ஆல்பத்தோட ஏழாவது எட்டாவது பாட்டை எடுங்க. அதைக் கேட்டிருக்கிறவங்க அந்த இசையை உண்மையிலேயே தேடிப் போனவங்க.

யூடியூப் மியூசிக்கில் "ரேடியோவை உருவாக்கு"ன்னு ஒண்ணு உண்டு, முகப்பில் ரொம்பக் கீழே போனாத்தான் கண்ணில் படும். 30 கலைஞர் வரை சேர்க்கலாம், ஆனா சேர்க்காதீங்க. அத்தனை பேரைப் போட்டா கலவை சாதமாயிடும், நாலஞ்சு பேர் போதும். வகையில் "பழக்கமானவை"யை விட்டுட்டு "புதியவை" பக்கம் வைங்க. ஃபில்டரில் அதிகம் ஓடாத பாட்டுகளுக்கான தேர்வைத் தொடுங்க.

மணல்மேடு:
டிவியைப் பிரிச்சேன், வரலாறு துடைச்சேன். குழந்தைப் பாட்டு போயிடுச்சு, நன்றி. இப்போ வேற தொல்லை: டினாரிவென், பாம்பினோ, எம்டூ மொக்தார், தமிக்ரெஸ்ட், இமர்ஹான்... இந்த அஞ்சு பேருமே சுத்தி சுத்தி வர்றாங்க.

தாளக்கட்டு:
சஹாரா கிட்டார்னு கேட்கிற எல்லாரும் அந்த அஞ்சு பேரையும் சேர்த்தே கேட்கிறாங்க, அதனால கணக்கு வட்டத்தை விட்டு வெளியே வராது. அதை உடைக்க ஒரு பாலம் வேணும், ரெண்டு பக்கத்திலயும் கால் வெச்சிருக்கிற ஒரு ஆள். இங்கே அது மாலி கிட்டார் கலைஞர் அலி ஃபர்கா தூரே. அவர்ல ரேடியோ போட்டா வடக்கே துவாரெக் (சஹாரா பாலைவன மக்கள்) கிட்டாரும் வரும், தெற்கே பூபக்கார் திராவொரே, துமானி தியாபாத்தேயோட கோரா (யாழ் மாதிரி நரம்புக் கருவி), தெற்கு மாலியோட வஸ்ஸுலு பகுதிப் பாட்டுக்காரி உமு சங்காரே இவங்களும் வருவாங்க. பிடிச்சவர் வந்ததும் நிறுத்தி, அவர் பாட்டுல புது ரேடியோ தொடங்குங்க. ஒரே ரேடியோவை மூணு மணி நேரம் ஓட விடாதீங்க.

ஓசைக்கணக்கு:
லிசன்பிரெய்ன்ஸ்னு ஒரு தளம், கேட்ட பாட்டைப் பதிஞ்சு வைக்கிறது. அதுல எல்பி ரேடியோவையும் பாருங்க, நீங்க எழுதிக் கொடுக்கிற குறிப்பை வெச்சுப் பாட்டுப் பட்டியல் போடும். மியூசிக்பிரெய்ன்ஸ்ங்கிற இசைத் தகவல் தளத்தை நடத்துற மெட்டாபிரெய்ன்ஸ் அறக்கட்டளையோடது, இலவசம். ஆங்கிலத்தில் ஆர்டிஸ்ட்:(டினாரிவென்):2 டேக்:(டெசர்ட் ப்ளூஸ்) இப்படி அடிக்கணும், நடுவுல ஒரு இடைவெளி. டெசர்ட் ப்ளூஸ்ங்கிறது இந்த சஹாரா கிட்டார் வகையோட பெயர். அந்த 2 எதுக்குன்னா டினாரிவென் பக்கத்துக்கு இரட்டைப் பங்கு. ஈஸி, மீடியம், ஹார்டுன்னு மூணு நிலை. ஈஸி தெரிஞ்சதையே தரும், உங்களுக்கு மீடியம். ஹார்டுல சில சமயம் சம்பந்தமே இல்லாதது வரும்.

மணல்மேடு:
அண்ணே, கேட்ட பாட்டைப் பதியற லாஸ்ட் எஃப்எம் தளத்துல இது முடியாதா?

ஓசைக்கணக்கு:
அதோட சொந்த ரேடியோ 2014லயே நின்னுபோச்சு. ஆனா கேட்டதைப் பதிய (ஸ்க்ரோபிள்) இன்னும் நல்ல இடம். ஒரு விதி ஞாபகம் வைங்க: பாட்டு 30 நொடிக்கு மேல இருக்கணும், பாதியோ 4 நிமிஷமோ எது முதல்ல வருதோ அதுவரை கேட்டாத்தான் பதிவாகும். பத்து நொடியில தாண்டின பாட்டு எதுவும் அங்கே போகாது.

தமிழ்ப் பாட்டும் கேட்கிறதால ஒரு எச்சரிக்கை. நம்ம சினிமாப் பாட்டுல கலைஞர் இடத்தில் இசையமைப்பாளர், ரெண்டு பாடகர், சில சமயம் பாடலாசிரியர் வரைக்கும் கமா போட்டு ஒரே பெயரா வரும். அந்த நீளமான பெயர் தனி ஆளாப் பதிவாகும். இளையராஜா பெயரையே ஆங்கிலத்தில் ஒரு 'ஏ', ரெண்டு 'ஏ', 'ஐ' போட்டு, போடாமன்னு பல விதமா எழுதுறாங்க. ஒரே மனுஷன் நாலு பேரா உடைஞ்சா, ஒத்த ரசனைக்காரரைக் கண்டுபிடிக்கிற கணக்கும் உடையும். ஆண்ட்ராய்டில் பேனோ ஸ்க்ரோப்ளர்ங்கிற பதிவு ஆப் போட்டு, பெயர் திருத்தும் விதிகளை முதல் நாளே எழுதிடுங்க. அப்புறம் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பதிவைத் திருத்துறது பெரும்பாடு.