“ஒரு பொல்லாப்பும் இல்லை” என்று யாருக்குச் சொல்லலாம்?

தேரடிவாசி:
வீடு கட்டினால் நிம்மதி வரும், பிள்ளை கனடா போனால் வரும் என்று தள்ளிப்போட்டே வாழ்கிறோம். யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமி கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர். அந்த வேலையை விட்டு நல்லூர்த் தேரடியில் தன் குரு செல்லப்பா சுவாமியின் பின்னால் போனார். பிறகு 1964இல் சமாதியாகும்வரை யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைதான். குருவிடம் கேட்டு அவர் நமக்கு விட்டுப்போன நான்கு மகாவாக்கியங்கள் போதும்: ஒரு பொல்லாப்பும் இல்லை, முழுதும் உண்மை, நாம் அறியோம், எப்பவோ முடிந்த காரியம். தினமும் கொஞ்சநேரம் சும்மா இருந்து தன்னைப் பார்த்தால், மகிழ்ச்சி உள்ளேயே இருப்பது தெரியும்.

வன்னியாள்:
அண்ணை, சுவாமியில் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் அதே கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் 2017 பெப்ரவரி 20இல் போராட்டம் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே பலர் செத்தும் போனார்கள். அவர்களிடம் போய் “எப்பவோ முடிந்த காரியம்” என்று சொல்வீர்களா? என் பெரியம்மாவுக்கு, “தியானம் செய்யுங்கோ, மனம் ஆறும்” என்று சொந்தக்காரர் சொல்லிச் சொல்லியே, அவ காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனைப் பற்றி அவர்களிடம் கதைப்பதை நிறுத்திவிட்டா. ஆறுதல் சொல்வதாக நினைத்து அவவின் வாயை அடைத்துவிட்டார்கள்.

தேரடிவாசி:
தங்கச்சி, அந்த வாக்கியம் அடுத்தவருக்குச் சொல்லும் புத்திமதி இல்லை. அவரவர் தன்னுள்ளே பார்த்துத் தெளியவேண்டியது. அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டு கிட என்று அதற்கு அர்த்தமும் இல்லை. 1935இல் தொடங்கிய இதழுக்குச் சிவதொண்டன் என்று பெயர் வைத்தவர் அவர். தொண்டு செய்கிறவன் ஊரை விட்டு ஒதுங்க முடியுமா? உள்ளே நிலைத்தவர்தான் வீதியில் இறங்கிக் கேட்கவும் நெடுநாள் தாக்குப்பிடிப்பார். இதில் நான் மாறமாட்டேன்.

உளவளத்துணை:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். துயரப்படுகிறவர்களுக்கு உளவளத்துணை செய்யும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனதையும் உடலையும் தளர்த்தும் சாந்தப் பயிற்சிகளை மக்களின் சமயத்தோடு சேர்த்தார். சைவர்களுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் (இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது). தெரிந்த வழிபாடு என்பதால் கூச்சமில்லாமல் செய்வார்கள். ஆனால் “சும்மா இருங்கோ” என்பது எல்லாருக்கும் ஒத்துவராது. ஷெல்லடியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் கண்ணை மூடினால் முதலில் வருவது மகிழ்ச்சி இல்லை, அந்த நாள்தான். அவர்களை நான் கண்ணைத் திறந்தபடி, பாதத்தை நிலத்தில் பதித்து, ஓரிரு நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்வேன். பதற்றம் கூடினால் உடனே நிறுத்தவேண்டும். அப்புறம், முதலில் அவர்களைக் கதைக்கவிட வேண்டும். ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத துக்கத்தில் மனம் அழுது முடிக்கவும் இடமில்லை.

வன்னியாள்:
நன்றி அக்கா, இப்படி யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அண்ணை, பெரியம்மாவிடம் பக்தி குறைவில்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிப்பா, அந்த நாட்களில் கொஞ்சம் நித்திரையும் கொள்ளுவா. அது முடிய மகனின் படத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் போராட்டத்துக்குப் போவா. நீங்கள் சொல்லும் அந்த உள் மகிழ்ச்சியை அவ கேட்கவே இல்லை. மகன் எங்கே என்றுதான் கேட்கிறா.