சோக்கைத் திறந்ததும் நின்றுவிடும் நீர்ப்பம்பி

கந்தப்பளை லீக்ஸ்காரன்:

வணக்கம். ஓடையிலிருந்து மேட்டுப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக இரண்டு அங்குல பெற்றோல் நீர்ப்பம்பி ஒன்று வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததும் தாங்கியில் இருந்த பெற்றோலோடு அதைக் கொட்டிலில் வைத்துச் சாக்கால் மூடியவன், தை பிறந்த பிறகுதான் வெளியே எடுத்தேன். இப்போது விடியற்காலையில் லீக்ஸ் இலைகளில் உறைபனி வெள்ளையாகப் படிகிறது. வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடாவிட்டால் இலை கருகிவிடும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

சோக்கை, அதாவது இயந்திரத்துக்குப் போகும் காற்றை மறிக்கும் தகட்டை, மூடிக் கயிற்றை இழுத்தால் மூன்றாவது இழுப்பில் கிளம்பிவிடுகிறது. சோக்கைத் திறந்த மாத்திரத்தில் இரண்டு தடவை திணறி நின்றுவிடுகிறது. சரி என்று பாதிச் சோக்கிலேயே ஓட விட்டால், ஓடைக்கரையில் சில நிமிடங்கள் ஓடியபின் பட்டென்று அணைந்து, அதன்பின் கை வலிக்க இழுத்தாலும் கிளம்புவதில்லை. ஆனால் வீட்டு முற்றத்துக்குத் தூக்கி வந்து இழுத்தால் மறுபடியும் கிளம்புகிறது. பழுது பார்க்கும் கடை ஒன்றில் கேட்டேன். இது உயரமான இடம் என்பதால் வரும் கோளாறு, பெற்றோலை அளந்து விடும் ஜெட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். பணம் கொடுப்பதற்கு முன்னர் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

ஹட்டன் பட்டறை:

தம்பி, ஜெட்டை மாற்ற வேண்டாம், கழற்றித் துப்புரவு செய்தால் போதும். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. உங்களுக்குப் பக்கத்திலுள்ள நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று குறைந்தால் கலவையில் பெற்றோல்தான் மிகும். அப்போது கரும்புகை வரும், பிளக்கின் முனையில் கரி படியும், சோக்கைத் திறந்தால் இயந்திரம் இன்னும் நன்றாக ஓடும். உங்களுடையது நேர்மாறாக, சோக் மூடியிருந்தால்தான் ஓடுகிறது. அதாவது பெற்றோல் போதாமல் தவிக்கிறது. காற்றை மறித்தால் மட்டுமே கலவை சமப்படுகிறது. உயரத்தால் வலு குறைவது உண்மைதான். 300 மீற்றருக்கு ஏறக்குறைய 3.5 வீதம் குறையும் என்று இயந்திரத்தோடு வரும் கைந்நூல்களிலேயே போட்டிருப்பார்கள். ஆனால் அதுவும் உங்கள் கோளாறும் வெவ்வேறு.

மூன்று மாதம் கிடந்த பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டிருக்கும். மிஞ்சியது, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரின் கிண்ணத்து அடியில் பிசினாக ஒட்டியிருக்கும். பெற்றோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் ஸ்பானர் பொருந்தும். உள்ளே நடுவில் நிற்கும் பித்தளைத் துண்டுதான் ஜெட். அதை வெயிலுக்கு நேரே பிடித்தால் துவாரம் வட்டமாக வெளிச்சம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மின்வயரிலிருந்து ஒற்றைச் செப்பிழையை உருவி மெதுவாக விடுங்கள். தையல் ஊசியை விட்டுக் குத்தினால் பித்தளை அகன்றுவிடும், பிறகு உண்மையிலேயே புது ஜெட் வாங்க வேண்டிவரும். பெற்றோல் குழாயின் கீழுள்ள சிறிய வடிகிண்ணத்தையும் கழற்றிப் பாருங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் அங்கே தண்ணீர் தேங்காமல் இருக்காது. குளிராக இருக்கிறதென்று இந்த வேலையை அடுப்படியில் வைத்துச் செய்துவிடாதீர்கள். பழைய பெற்றோலை மீண்டும் ஊற்றவும் வேண்டாம்.

வெலிமடை உருளைக்கிழங்கு:

பட்டறை அண்ணன் சொன்னது முதற் கோளாறுக்குச் சரி. ஓடைக்கரையில் அணைவதும் முற்றத்தில் கிளம்புவதும் இன்னொரு கோளாறு என்று எனக்குப் படுகிறது. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் ஒயில் குறைந்தால் தீப்பொறியைத் துண்டிக்கும் மிதவை ஒன்று உள்ளே இருக்கும். கரை சரிவாக இருந்தால் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஒயில் கொஞ்சம் குறைந்தும் இருந்தால் மிதவை தாழ்ந்து இயந்திரத்தை அணைத்துவிடும், மட்டமான தரைக்கு வரும்வரை கிளம்பவும் விடாது. நான் இதே காரணத்துக்காக ஒரு போகம் முழுவதும் பிளக்கை மாற்றிக்கொண்டே இருந்தேன். கரையில் மண்ணை வெட்டி மட்டமாக ஒரு திட்டு அமைத்து, அங்கே வைத்தே ஒயில் அளவைப் பாருங்கள். நிரப்பும் துவாரத்தின் விளிம்புவரை நிற்க வேண்டும். பல நாள் சோக்கில் ஓட்டியிருந்தால் எரியாத பெற்றோல் ஒயிலில் இறங்கியிருக்கும். முகர்ந்து பார்த்துப் பெற்றோல் நெடி அடித்தால் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

கந்தப்பளை லீக்ஸ்காரன்:

இருவருக்கும் நன்றி. ஜெட்டின் துவாரத்தில் பச்சை பூத்து, வெளிச்சம் ஊசிமுனை அளவுகூடத் தெரியவில்லை. துப்புரவு செய்து புதுப் பெற்றோல் ஊற்றியதும் சோக் முழுவதும் திறந்த நிலையில் சீராக ஓடுகிறது. ஒயில் விரற்கடை அளவு குறைந்திருந்தது. நெடியும் இருந்தது, அதனால் மாற்றிவிட்டேன். திட்டு வெட்டி வைத்தபின் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. இனி ஒன்றே ஒன்று: தண்ணீர் ஏறத் தொடங்க வெகுநேரம் ஆகிறது. கரையின் மேல் விளிம்பிலிருந்து ஓடை ஏழு மீற்றர் ஆழத்தில் இருக்கிறது.

ஹட்டன் பட்டறை:

ஏழு மீற்றர் அதிகம், தம்பி. பம்பி தண்ணீரை இழுப்பதில்லை, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தள்ளி ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் கணக்குப்படி 10 மீற்றர் வரை ஏறும் தண்ணீர், உங்கள் உயரத்தில் 8 மீற்றரைச் சற்றுத் தாண்டுவதோடு நின்றுவிடும். குழாய் உராய்வையும் மூட்டுக் கசிவையும் கழித்தால் 5 மீற்றரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உயரம் குறுக்கே நிற்பது இங்கேதான், ஜெட்டில் அல்ல. திட்டை இன்னும் கீழே வெட்டிப் பம்பியை இறக்குங்கள். மேலே தள்ளும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். வெள்ளம் வந்தால் தூக்கிவிட மட்டும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் கிளப்புவதற்கு முன்னர் பம்பியின் மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்புங்கள். வெறுமனே ஓடினால் உள்ளே இருக்கும் சீல் கருகிவிடும், அதன் விலை ஜெட்டைப்போல அல்ல. அடுத்த ஐப்பசியில் பெற்றோல் குழாயை மூடி, தானாக நிற்கும்வரை ஓட விட்டு, தாங்கியையும் வடித்துவிட்டே சாக்கைப் போடுங்கள்.