ஒன்டாரியோவில் ஜே.கே., முதல் வகுப்பு: பிள்ளையின் வகுப்பில் நடப்பதைத் தெரிந்துகொள்வது எப்படி?

செப்டம்பரில் பிள்ளையை ஜே.கே.யிலோ (ஜூனியர் கிண்டர்கார்டன், நாலு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) முதல் வகுப்பிலோ சேர்த்துவிட்டு, "உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லையே" என்று தவிக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்டாரியோ அரசுப் பள்ளிகளை வைத்துத்தான் சொல்கிறேன். மற்ற மாகாணங்களில் விதிகள் வேறு.

ஊரில் டைரியில் தினம் கையெழுத்து, நோட்டில் சிவப்பு மை, மாதாமாதம் டெஸ்ட் மார்க், போதாததற்கு வகுப்பு வாட்ஸ்அப் குழு என்று நாலு பக்கமிருந்தும் செய்தி வரும். இங்கேயும் மின்னஞ்சல் கொட்டத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் பள்ளியைப் பற்றித்தான் வரும்: பிட்சா லன்ச், போட்டோ எடுக்கும் நாள், புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டும் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம், உறைவிடப் பள்ளிகளில் அவதிப்பட்ட பழங்குடிப் பிள்ளைகளின் நினைவாகச் செப்டம்பர் 30க்கு ஆரஞ்சுச் சட்டை. உங்கள் பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது. அது கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதைத் தொந்தரவாக யாரும் நினைப்பதில்லை. கேட்காமலே இருந்தால், இந்த வீட்டில் கவலை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் அடிப்படை வேலை. சேர்க்கைப் படிவத்தில் பல வீடுகளில் அப்பாவின் மின்னஞ்சல் மட்டும்தான் இருக்கிறது. அவர் வேலையில் இருப்பார், பள்ளியிலிருந்து வருவதைத் திறந்தே பார்க்க மாட்டார். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ எதுவும் வராது. பள்ளி அலுவலகத்தில் சொல்லி இரண்டு முகவரியையும் போடுங்கள். அப்புறம், வகுப்புச் செய்திக்கு எந்தச் செயலி என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஒருவர் கூகுள் கிளாஸ்ரூம் வைத்திருப்பார், அடுத்த அறையில் பிரைட்ஸ்பேஸ் அல்லது சீசா. சிலர் இன்னும் பையில் காகிதம்தான் வைத்து அனுப்புகிறார்கள். புகைப்பட அனுமதிப் படிவத்தையும் கவனித்து நிரப்புங்கள். அதில் சம்மதம் சொல்லாவிட்டால் வகுப்புப் படங்களில் உங்கள் பிள்ளை இருக்காது. சம்மதம் சொல்லிப் படம் வந்தால், மற்ற பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்தைத் தாத்தா பாட்டி குழுவுக்கு அனுப்பாதீர்கள். ஊரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், இங்கே அது பெரிய விஷயம்.

பிள்ளை வராத நாளில் காலையிலேயே பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். மறந்தால் அவர்களே உங்களைத் தேடிக் கூப்பிடுவார்கள். பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது தொடக்கப் பள்ளிகளின் கடமை. எனவே வேலை நேரத்தில் பள்ளி எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள். விளையாட்டில் தலையில் லேசாக இடித்துக்கொண்டால்கூடக் கூப்பிட்டுச் சொல்வார்கள், கவனிக்க வேண்டிய அறிகுறிகள் எழுதிய தாளும் வீட்டுக்கு வரும். முதல் முறை வயிற்றைக் கலக்கும், போகப்போகப் பழகிவிடும்.

ஜே.கே.யிலும் அதற்கு அடுத்த எஸ்.கே.யிலும் (சீனியர் கிண்டர்கார்டன்) பொதுவாக ஒரு ஆசிரியரும் ஒரு ஈ.சி.ஈ.யும் (சிறுவர் கல்வியாளர்) சேர்ந்திருப்பார்கள். நம்மவர்கள் ஈ.சி.ஈ.யை ஆயா என்று நினைத்துக் கடந்து போவதைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. அவரும் சிறுவர் கல்வி படித்துப் பதிவு பெற்றவர். யாரோடு விளையாடினான், எப்போது அழுதான், பாத்ரூம் போகக் கேட்கிறானா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். மாலை கதவருகே ஒரு நிமிடம் கிடைத்தால் அவரிடமும் பேசுங்கள். ஆனால் கதவருகே நீண்ட பேச்சு வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையையும் சரியான ஆளிடம் ஒப்படைக்கிற பரபரப்பில் இருப்பார்கள். பெரிய விஷயமென்றால் நாலு வரி மின்னஞ்சல் போட்டு நேரம் கேளுங்கள். இரவு பத்து மணிக்கு எழுதிவிட்டுப் பதில் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம், பள்ளி நேரத்தில்தான் பதில் வரும்.

சாப்பாட்டைப் பற்றித்தான் நம் வீடுகளில் அதிகக் கவலை. டப்பா அப்படியே திரும்பி வருகிறது, டீச்சர் ஒன்றும் சொல்லவில்லையே என்பார்கள். பல பள்ளிகளில் மதிய உணவு நேரத்தில் மேற்பார்வைக்கு வருபவர் வேறொருவர், அதனால் ஆசிரியருக்கே தெரிந்திருக்காது. சாப்பிடக் கிடைப்பது சுமார் இருபது நிமிடம்தான், யாரும் ஊட்டிவிட மாட்டார்கள். வீட்டில் இதுவரை ஊட்டிவிட்டிருந்தால் இப்போதே நிறுத்திவிடுங்கள். பிள்ளையே திறக்கக்கூடிய டப்பாவில், கையால் எடுத்துச் சாப்பிடுகிற உணவாகக் கொடுங்கள். சில பள்ளிகளில் ஒரே மதிய இடைவேளைக்குப் பதில் இரண்டு உணவு இடைவேளை உண்டு, அங்கே எதை எப்போது சாப்பிடுவது என்று பிள்ளைக்குக் குழப்பம் வரும். இரண்டாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்தால் போதும். கடலை மிட்டாய், வேர்க்கடலைச் சட்னி வேண்டாம்: பல பள்ளிகளில் கடலைக்கும் கொட்டைகளுக்கும் தடை.

வீட்டில் பிள்ளையிடம் "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை, விளையாடினோம்" என்றுதான் பதில் வரும். அது பொய்யில்லை. இங்கே கிண்டர்கார்டன் விளையாட்டு வழிக் கல்விதான். நோட்டு இல்லை, வீட்டுப்பாடம் பெரும்பாலும் இல்லை. "யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்? கார்ப்பெட்டில் என்ன கதை படித்தார்கள்? வெளியே போனபோது யார் கூட ஓடினாய்?" என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறக்கும்.

இனி ரிப்போர்ட் கார்டு. நம்மவர்கள் குழம்புவது இங்கேதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிண்டர்கார்டனில் மார்க்கும் கிடையாது, கிரேடும் கிடையாது. இலையுதிர் காலத்தில் ஆரம்பக் கவனிப்புகள் என்று ஒன்று வரும், பிறகு பிப்ரவரி வாக்கிலும் ஜூனிலும். எல்லாமே பத்தி பத்தியாக எழுதியிருக்கும். புகழ்ச்சி வாசகங்களைத் தாண்டி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் பகுதிக்குப் போங்கள். குறை ஏதாவது இருந்தால் அங்கேதான் மென்மையாகச் சொல்லப்பட்டிருக்கும்.

முதல் வகுப்பிலிருந்து நவம்பர் வாக்கில் முன்னேற்ற அறிக்கை. அதிலும் கிரேடு இல்லை, மிக நன்றாக, நன்றாக, சிரமத்தோடு என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் இருக்கும். சிரமத்தோடு என்ற கட்டத்தில் டிக் இருந்தால் பிப்ரவரி வரை காத்திருக்காமல் உடனே பேசுங்கள். பிப்ரவரியிலும் ஜூனிலும் வருகிற அறிக்கையில்தான் ஏ, பி, சி, டி. ஒன்டாரியோவில் பி என்பது மாகாணம் எதிர்பார்க்கிற தரம். பி வாங்கிய பிள்ளையைத் திட்டுகிற வீடுகளை நான் அறிவேன், பாவம் அந்தப் பிள்ளை. பாடத்துக்கு எதிரே ஈ.எஸ்.எல். கட்டத்தில் டிக் இருந்தால், ஆங்கிலம் கற்றுவருகிற பிள்ளைக்காக எதிர்பார்ப்பை மாற்றிவைத்து அந்த கிரேடு கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் ஏ வந்துவிட்டது என்று இனிப்பு வாங்க வேண்டாம்.

பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனியாக வேலை செய்தல், கூடி வேலை செய்தல், முன்முயற்சி, தன்னைக் கட்டுப்படுத்துதல் என்று ஆறு பழக்கங்களுக்கும் தனிக் குறியீடு உண்டு. இந்தச் சின்ன வயதில் கிரேடுகளைவிட இந்த ஆறைத்தான் நான் முதலில் படிப்பேன்.

எஸ்.கே.யிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை வாசிப்புத் திறன் சோதனை 2023 இலையுதிர் காலத்திலிருந்து கட்டாயம். அதன் முடிவைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

செப்டம்பரில் கரிகுலம் நைட் என்று, வகுப்பில் என்ன கற்பிப்பார்கள் என்று எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிற மாலைக் கூட்டத்துக்கு அழைப்பு வரும். போய் வகுப்பறையைப் பாருங்கள், ஆனால் அங்கே உங்கள் பிள்ளையைப் பற்றித் தனியாகப் பேச முடியாது. அதற்கு நவம்பரில் ஆசிரியரோடு தனிச் சந்திப்பு இருக்கிறது, பத்துப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம், டொராண்டோ பகுதியில் தமிழுக்கு ஆள் கிடைப்பது கடினமில்லை. நிறைய பள்ளிகளுக்கு ஸ்விஸ் என்கிற குடியேற்ற உதவியாளரும் வருவார். கட்டணம் இல்லை. பள்ளிப் படிவம் முதல் ரிப்போர்ட் கார்டு வரை உட்காரவைத்து விளக்குவார். அலுவலகத்தில் கேட்டால் அவர் வருகிற நாளைச் சொல்வார்கள்.

வீட்டிலிருந்து பள்ளிக்கும் செய்தி போக வேண்டும். தமிழில் சரளமாகப் பேசும் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். "வீட்டில் நிறையப் பேசுவான், கதை சொல்வான்" என்று நீங்கள் சொன்னால்தான் ஆசிரியருக்குத் தெரியும். ஜனவரி இங்கே தமிழ் மரபுத் திங்கள்: ஒன்டாரியோவில் 2014லும், கனடா முழுவதற்கும் 2016லும் அங்கீகாரம் கிடைத்தது. பொங்கலைப் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் பேசட்டுமா என்று டிசம்பரிலேயே கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லும், "அப்பா அடித்தார்" என்பதையும். வீட்டில் பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று ஆசிரியருக்கு நியாயமான சந்தேகம் வந்தால் குழந்தைகள் நலச் சங்கத்துக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. உங்கள்மேல் கோபத்தில் செய்வதல்ல.

பெற்றோர் என்னிடம் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

"என் மகனை ஒரு பையன் கடித்துவிட்டான், யார் என்று பள்ளி சொல்ல மறுக்கிறது" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். சொல்ல மாட்டார்கள், நாளை உங்கள் மகன் கடித்தாலும் அவன் பெயரையும் சொல்ல மாட்டார்கள். பெயரை விட்டுவிடுங்கள். எங்கே நடந்தது, பெரியவர்கள் யார் இருந்தார்கள், இனி நடக்காமல் இருக்க என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். அந்தப் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

"டீச்சர் சரியாகப் பதில் சொல்லவில்லை, நேரே பிரின்சிபாலிடம் போகலாமா?" முதலில் ஆசிரியருக்கே ஒரு முறை எழுத்தில் கேளுங்கள். அப்புறமும் தீரவில்லையென்றால் பிரின்சிபால் அல்லது வைஸ் பிரின்சிபால், அதற்கும் மேலே பள்ளி வாரியத்தின் (போர்டின்) அதிகாரியான சூப்பரின்டென்டன்ட். நடுவில் ஒருவரைத் தாண்டிப் போனால் "கீழே பேசினீர்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு வாரம் வீண்.