குட்டி முட்டைக்கோஸ் நாற்று எல்லாம் சாய்கிறது, உதவுங்கள்

சித்தூர் வீட்டுத்தோட்டம்:
வணக்கம். சின்ன சைஸ் முட்டைக்கோஸ் விதை வாங்கிப் போட்டேன். நன்றாக முளைத்தது. இப்போது தினமும் நாலைந்து நாற்று சாய்ந்து படுத்துவிடுகிறது. மீதியையாவது காப்பாற்ற வேண்டும். என்ன மருந்து அடிக்கலாம்? அவசரம்.

மாடித்தோழி:
எதில் விதைத்தீர்கள்? தொட்டியா, குழித்தட்டா, நேராக மண்ணிலா? ஒரு படம் போடுங்களேன்.

கம்பம்மெட்டு:
எந்தச் சித்தூர் என்றும் சொல்லுங்கள். பாலக்காட்டுச் சித்தூரா, ஆந்திரச் சித்தூரா? இரண்டு இடத்துக்கும் மழை வேறு, மண் வேறு.

பசுமைப்பித்தன்:
எனக்கு எறும்பு மேல்தான் சந்தேகம். தேங்காய் நார்க்கழிவு போட்ட தட்டில் எறும்பு கூடு கட்டினால் வேர் பிடிப்பு விட்டு நாற்று சாயும். தட்டின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள்.

மூத்த நாற்றங்கால்:
இந்தக் கேள்வி ஒவ்வொரு புரட்டாசியிலும் வருகிறது. பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ரகம் என்ன, எப்போது விதைத்தது, எத்தனை முறை தண்ணீர், வெயில் எவ்வளவு, எதுவும் இல்லை. "என்ன மருந்து அடிக்கலாம்" மட்டும் இருக்கிறது. நோய் தெரியாமல் மருந்து கேட்பவருக்கு நான் பதில் சொல்வதில்லை. தவிர, முட்டைக்கோஸ் மலைப்பயிர். சமவெளியில் அதை வைத்து மல்லுக்கட்டுவது நேர விரயம்.

மாடித்தோழி:
சார், முதல் முறை வளர்ப்பவர் போலத் தெரிகிறது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே.

சித்தூர் வீட்டுத்தோட்டம்:
பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம். குழித்தட்டு. மழை என்பதால் போர்டிகோவில் வைத்து மேலே பாலித்தீன் மூடியிருக்கிறேன். தண்ணீர் காலை, மதியம், மாலை. ரகப்பெயர் பாக்கெட்டில் இல்லை. வீட்டில் இரண்டே பேர், கடையில் வாங்கும் பெரிய கோசில் பாதி வீணாகிறது. அதனால்தான் சின்னது.

வட்டவடைக்காரன்:
அக்காவோ அண்ணனோ, இவ்வளவு சொன்னதே போதும், பாதி விஷயம் விளங்கிவிட்டது. சாய்ந்த நாற்று ஒன்றை மெதுவாகப் பிடுங்கி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தை மட்டும் பாருங்கள். அந்த இடம் தண்ணீர் கோத்து, பழுப்பேறி, நூல் மாதிரி சுருங்கியிருந்தால் அது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சாணம் செய்கிற வேலை. தண்டு வெள்ளையாக நீண்டு, அழுகல் இல்லாமல், இலைப் பாரம் தாங்காமல் சாய்ந்திருந்தால் வெளிச்சக் குறைவு. கத்தி வைத்தது போல வெட்டுப்பட்டு, இலை தனியாகக் கிடந்தால் வெட்டுப்புழு. அது ராத்திரி மேயும், பகலில் மண்ணுக்குள் சுருண்டு கிடக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

உங்கள் விஷயத்தில் முதல் இரண்டும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். போர்டிகோ நிழலில் நாற்று வெளிச்சம் தேடி நீளும். அப்படி நீண்ட தண்டு மெல்லியது. மூடிய பாலித்தீனுக்குள் காற்றோட்டம் இல்லை, மூன்று வேளை ஈரம் வேறு. பூஞ்சாணத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

பசுமைப்பித்தன்:
எறும்பையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். என் தட்டில் எறும்பை விரட்டிய பிறகுதான் நாற்று நின்றது.

கம்பம்மெட்டு:
வட்டவடை அண்ணன் சொன்னதே சரி. இன்றே பாலித்தீனை எடுத்துவிடுங்கள். அழுகிய நாற்றைக் குழியில் இருக்கும் கலவையோடு சேர்த்து எடுத்து எறியுங்கள், பக்கத்துக் குழிக்குப் பரவும். மேல்மண் காய்ந்த பிறகு காலையில் மட்டும் தண்ணீர். மீதி நாற்றுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாணக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரில் ஊற்றலாம். அடுத்த முறை விதைக்கும் முன்பே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தை விதையில் கலந்துவிடுங்கள், கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு. வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை. ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

இயற்கை உழவு:
காப்பர் எதற்கு? வீட்டுக்குச் சாப்பிடும் காய். டிரைக்கோடெர்மாவோ, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவோ போதும். இப்படித்தான் மருந்து பழகுகிறது. மலையிலிருந்து வரும் கோசைப் பாருங்கள், ஒரு ஓட்டை கிடையாது. அத்தனையும் மருந்துக் குளியல்.

வட்டவடைக்காரன்:
இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். இடுக்கி மாவட்டத்து வட்டவடை, காந்தளூர் எல்லாம் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் படிப்படியாக வெட்டிய நிலம். வைரமுதுகு அந்துப்பூச்சி எங்களை என்ன பாடு படுத்துகிறது என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இலையின் அடியில் முட்டையிடும், புழு சல்லடையாக்கிவிடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி அதற்குப் பழகிவிடும், அதுவும் உண்மை. ஆனால் அதிகம் அடிப்பவனும் விவசாயி, அடிக்காமல் பாடுபடுபவனும் விவசாயி. இரண்டு பேரையும் ஒரே வார்த்தையில் தள்ளாதீர்கள். ஓட்டை விழுந்த கோசை மண்டியில் எடுப்பதில்லை. அந்த விலையை யார் கொடுப்பது?

இயற்கை உழவு:
நான் விவசாயியைக் குறை சொல்லவில்லை அண்ணா. சாப்பிடுகிறவனின் பயத்தைச் சொன்னேன்.

மூத்த நாற்றங்கால்:
கேள்வி நாற்றைப் பற்றியது. மண்டி விலை பேச வேறு இடம் இருக்கிறது.

கம்பம்மெட்டு:
பூச்சி என்று வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன், வீட்டுக்கும் உதவும். கோசுப் பாத்தியைச் சுற்றிக் கடுகு விதையுங்கள். அந்துப்பூச்சி முட்டையிடக் கடுகைத்தான் முதலில் தேடும். பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு, 25 வரிசை கோசுக்கு 2 வரிசை கடுகு. ஒரு வரிசையைக் கோசு நடுவதற்கு 15 நாள் முன்பும், இன்னொன்றை நட்டு 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். முதல் கடுகு முற்றும்போது இரண்டாவது தயாராக இருக்கும். கடுகில் சேரும் புழுவை அங்கேயே வேப்பங்கொட்டைச் சாறு அடித்து முடித்துவிடலாம், லிட்டருக்கு 50 கிராம் கொட்டை. நாலு செடி வைப்பவர் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துக் கையால் நசுக்கினாலே போதும்.

கொல்லங்கோட்டு மண்:
பாலக்காட்டுக்காரியாக ஒரு வார்த்தை. சமவெளியில் வராது என்பதை ஒப்ப முடியாது. எங்கள் பக்கம் பலர் வீட்டில் துலா மாதம், அதாவது ஐப்பசியில் நாற்றை நட்டு, தை, மாசிக்குள் அறுத்துவிடுகிறார்கள். இலை உருண்டு சேரும் சமயத்தில் டிசம்பர், ஜனவரிக் குளிர் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். தள்ளிப்போய் மார்ச் வெயிலில் மாட்டினால் இலையாகவே நிற்கும். டிசம்பருக்குப் பிறகு வாளையார் கணவாய்க் காற்று மண்ணை உலர்த்திவிடும், அப்போது காய்ந்த இலை, வைக்கோல் பரப்பி மூடாக்கு போடுவது கட்டாயம். கிருஷி பவனில், அதாவது கேரள வேளாண் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், குளிர்காலக் காய்கறி நாற்று வந்தால் அதையும் கொஞ்சம் வாங்கி வைக்கலாம்.

மூத்த நாற்றங்கால்:
வெப்பம் தாங்கும் ரகமாக இருந்தால் நடக்கலாம். பூசா அகேதி அதற்கென்றே டெல்லி பூசா நிறுவனத்தில் உருவாக்கிய ரகம். கோல்டன் ஏக்கர் சின்ன உருண்டை, ஒன்று முதல் ஒன்றரை கிலோ, நட்ட 60, 65 நாளில் வரும், ஆனால் குளிர் கேட்கும். பெயரில்லாத பாக்கெட்டை வாங்கிவிட்டு இங்கே வந்து கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

மாடித்தோழி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் சார், நல்ல தகவல். குட்டிக் கோசு வேண்டும் என்றால் இடைவெளியும் ஒரு வழி. வழக்கமான 45 சென்டிமீட்டருக்குப் பதில் 30 விட்டு நட்டால் தலை சின்னதாகவே நிற்கும். அப்புறம், அறுக்கும்போது வேரோடு பிடுங்காதீர்கள். தலையை மட்டும் வெட்டி, அடி இலைகளை விட்டுவையுங்கள். தண்டில் இலைக்கணுவிலிருந்து மூன்று, நாலு குட்டித் தலைகள் வரும். இரண்டு பேர் வீட்டுக்கு அது ஒரு வேளைப் பொரியல்.

சித்தூர் வீட்டுத்தோட்டம்:
பார்த்தேன். அடித்தண்டு பழுப்பாகச் சுருங்கித்தான் இருக்கிறது. எறும்பு இல்லை. பாலித்தீன் எடுத்தாச்சு, தட்டு மாடியில் காலை வெயிலுக்குப் போயாச்சு. இன்று புதிதாக எதுவும் சாயவில்லை. நன்றி எல்லோருக்கும்.

வட்டவடைக்காரன்:
நல்லது. முதல் இரண்டு நாள் பத்து மணிக்கு மேல் நிழலுக்கு மாற்றுங்கள், நிழலில் வளர்ந்தது ஒரேயடியாக வெயில் தாங்காது. முதலில் வரும் விதையிலையை விட்டு, அதற்குப் பிறகு வரும் உண்மை இலை நாலைந்து வந்ததும் நடுங்கள், நீண்ட தண்டை விதையிலை வரைக்கும் மண்ணுக்குள் இறக்கி நடலாம். நடும் இடத்து மண் புளிப்பா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். எங்கள் மலைமண் புளிப்பு, சுண்ணாம்பு போடாவிட்டால் வேர் வீங்கிக் கட்டி கட்டியாகிவிடும். கொழிஞ்சாம்பாறையில் கரிசல் இருக்கும் இடத்தில் சுண்ணாம்பே வேண்டியிருக்காது. பரிசோதிக்காமல் போடாதீர்கள்.

பசுமைப்பித்தன்:
மாடிக்குக் கொண்டுபோனால் எறும்பு வரும். பார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்லங்கோட்டு மண்:
நட்ட பிறகு ஒரு படம் போடுங்க. ஐப்பசி மழை பலமாக இருந்தால் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள், தண்ணீர் நிற்கவே கூடாது.