அடித்து வளர்த்த அப்பாவை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன்: சென்னையில் எங்கே உதவி கேட்பது?

பெரம்பூர்வாசி எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 43. பெரம்பூரில் மனைவியோடும் எட்டு வயது மகளோடும் வசிக்கிறேன். சென்ற ஐப்பசியில் அம்மா காலமானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் வலுவிழந்திருந்தன. 76 வயதில் அவரைத் தனியே விட முடியாது என்பதால் எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டேன். கோவையில் இருக்கும் தங்கை, "என்னால் முடியாது அண்ணா, நீயும் செய்யாதே" என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படிச் சொன்னதற்கான காரணம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

சிறுவயதில், அப்பா வேலை முடிந்து வந்து சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று நானும் தங்கையும் கணித்துவிடுவோம். கதவுக்குப் பின்னால் ஆணியில் பெல்ட் தொங்கும். கல் உப்பின் மேல் முட்டி போட வைப்பார். ஏழாம் வகுப்பில் கணக்கில் 62 மதிப்பெண் வாங்கியதற்காக ஓர் இரவு முழுவதும் மொட்டை மாடியில் நின்றிருக்கிறேன். அம்மா தடுக்க வந்தால் அவருக்கும் விழும். ஆகவே ஒரு கட்டத்தில் அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

இப்போது தினமும் காலையில் அப்பாவைக் குளிப்பாட்டுவது நான்தான். அந்த வலது கையைத் தூக்கிச் சோப்புப் போடும்போது என் விரல்கள் மரத்துப்போகின்றன. சில நாட்களில் தண்ணீர் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். அவர் இருமினாலே நெஞ்சு படபடக்கிறது. மகள் தட்டைக் கீழே போட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. பேச்சே வராமல் போய்விடுகிறது, அவள் பயந்துபோய் என் முகத்தையே பார்க்கிறாள். பார்க்க வருகிறவர்களிடம் அப்பா, "நான் அடித்து வளர்த்ததால்தான் இவன் இன்று இன்ஜினியர்" என்கிறார். அவர்களும் "அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

இதையெல்லாம் வதை என்று சொல்வது சரிதானா, அல்லது நான் பெரிதுபடுத்துகிறேனா? சென்னையில் யாரிடம் போவது, அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமா? அவரை மன்னித்தால்தான் இது தீரும் என்கிறார்கள். எனக்கு அது வரவில்லை.

வேப்பமரத்தடி எழுதியது:

சைக்கிள் சத்தத்தை வைத்து இரவைக் கணித்தோம் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் முதல் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. கண்டிப்பு என்றால் பிள்ளை தான் செய்த தவறைப் பற்றி யோசிக்கும். நீங்கள் இருவரும் யோசித்தது உங்கள் தவறைப் பற்றி அல்ல, அவருடைய மனநிலையைப் பற்றி. நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை.

எனக்கு 52 வயது. நான் அத்தை வீட்டில் வளர்ந்தவள். அங்கே நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. 46 வயதில்தான் முதன்முறையாக ஓர் ஆலோசகரைப் பார்க்கப் போனேன். அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "வளர்த்தவர்கள்தானே அம்மா, மன்னித்து விட்டுவிடுங்கள், மனது லேசாகிவிடும்" என்றார். வெளியே வந்து மேற்கு மாம்பலம் வரை ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன், ஓர் ஆண்டு வேறு யாரிடமும் போகவில்லை. அந்த ஓர் ஆண்டை நான் வீணடித்ததாகவே இன்றும் நினைக்கிறேன். ஒருவர் சரியில்லை என்றால் அந்த ஒருவர்தான் சரியில்லை. சிகிச்சையே சரியில்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது முறை போனபோது கொஞ்சம் தெளிவாக இருந்தேன். நேரம் வாங்குவதற்கு முன்பே தொலைபேசியில், சிறுவயது வதையிலிருந்து வந்த பெரியவர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா என்று கேட்டேன். எந்த முறையில் பயிற்சி பெற்றவர் என்றும் கேட்டேன். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. உண்மையானவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மன்னிப்பு என்ற சொல்லை அந்த இரண்டாவது ஆலோசகர் இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். "அது வந்தால் வரட்டும், வராவிட்டாலும் நீங்கள் இரவில் தூங்கலாம்" என்றார். அத்தையை நான் இன்றும் மன்னிக்கவில்லை, ஆனால் தூங்குகிறேன்.

நடுநிலையாளன் எழுதியது:

தவறாக எண்ண வேண்டாம். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்பாக்கள் அப்படித்தான் இருந்தார்கள். நானும் வாங்கியிருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரைப் பற்றி இப்படிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வார்டு எண் 9 எழுதியது:

நடுநிலையாளன் அவர்களுக்கு: எல்லா வீட்டிலும் நடந்தது என்பது உண்மைக்கு வெகுதூரம் இல்லை. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் கேட்கப்பட்ட 12,447 குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உடல்ரீதியான வதைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆனால் பரவலாக நடந்ததால் அது வலிக்காமல் போய்விடுவதில்லை. ஊர் முழுக்க மலேரியா வந்தபோது யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று நாம் சொன்னோமா?

பெரம்பூர்வாசி, நான் அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். கை மரத்துப்போவதும் பேச்சு நின்றுபோவதும் உங்கள் பலவீனம் அல்ல. எதிர்க்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் இருந்த குழந்தையின் உடல் மூன்றாவதாக ஒரு வழியைக் கற்றுக்கொள்கிறது: உறைந்துபோவது. அன்று அது உங்களைக் காப்பாற்றியது. ஆபத்து நீங்கிவிட்டது என்பது உங்கள் அறிவுக்குத் தெரியும். அந்த இருமல் சத்தத்தைக் கேட்கும் உடலுக்கு இன்னும் தெரியவில்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாட்டில், நீண்டகால வதையால் வரும் இத்தகைய பாதிப்புக்குக் காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி. என்று தனிப் பெயரே இருக்கிறது. நினைவுகள் திரும்பத் திரும்ப வருவதோடு, உணர்வுகள் கைமீறுவது, தன்னைப் பற்றிய அவமானம், நெருங்கியவர்களிடம் ஒட்ட முடியாமை ஆகியவையும் சேர்ந்தால் அந்தப் பெயரைப் பயன்படுத்துவார்கள். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, அதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். இதற்குச் சிகிச்சை உண்டு. அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளைக் கொண்டு செய்யப்படும் இ.எம்.டி.ஆர். ஆகிய இரண்டையும் அதிர்ச்சி நினைவுகளால் அவதிப்படுபவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013லேயே பரிந்துரைத்திருக்கிறது. எதுவாக இருந்தாலும், நல்ல சிகிச்சையாளர் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல மாட்டார். முதலில் தூக்கம், மூச்சு, அன்றாடம் ஆகியவற்றை நிலைப்படுத்திவிட்டுத்தான் பழையதைத் தொடுவார்.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. செலவில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கும் புறநோயாளியாகப் போகலாம். 1794இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயரை நம் ஊரில் வசைச்சொல்லாக்கிவிட்டோம், அந்த வெட்கத்தாலேயே பத்து ஆண்டுகள் தாமதமாக வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணை அழையுங்கள்: 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை, கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் காத்திருக்க வேண்டாம். இதே எண்ணையோ, 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பையோ (044 2464 0050) உடனே அழையுங்கள்.

அலுவலகத்துக்குத் தெரியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது.

கறுப்புக்கோட்டு எழுதியது:

சட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு அடியில் ஒரு சட்டக் குழப்பமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இன்று ஒரு தந்தை குழந்தையைக் கல் உப்பின் மேல் முட்டி போட வைத்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். அந்தப் பிரிவு உங்கள் காலத்துக்குப் பின்னோக்கிச் செல்லாது. உங்களுக்கு வழக்குப் போடும் எண்ணமும் இல்லை. ஆயினும் நடந்ததை இன்று இந்த நாடு எந்தப் பெயரில் அழைக்கிறது என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். அது பிள்ளைகளிடம் கேட்பது உணவு, உடை, உறைவிடம், மருத்துவம். கைவிடுவது குற்றம். ஆனால் அவரை உங்கள் கையாலேயே குளிப்பாட்ட வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆள் வைத்துச் செய்தாலும் பராமரிப்புதான்; வேறு வீட்டில் வைத்துப் பார்த்தாலும் பராமரிப்புதான். அந்தக் கடமை மகனுக்கு மட்டும் உரியதல்ல, மகளுக்கும் உண்டு. தங்கை நேரில் வர வேண்டியதில்லை. செலவில் பங்கு ஏற்கலாமே என்று கேட்டுப் பாருங்கள்.

பெரம்பூர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடுநிலையாளன் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாட்கள் இந்தப் பக்கமே வரவில்லை, ஏனென்றால் என் தலைக்குள் இத்தனை ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்த குரலும் அதுதான்.

வியாழக்கிழமை இரவு பெரம்பூர் மேம்பாலத்துக்கு அருகே வண்டியை நிறுத்திவிட்டு 14416ஐ அழைத்தேன். எடுத்தவர் ஒரு பெண். முதல் ஐந்து நிமிடம் என்னால் பேச முடியவில்லை; "அவசரமில்லை, இருக்கிறேன்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். குளிப்பாட்டுவதற்குக் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஓர் ஆளை ஏற்பாடு செய்திருக்கிறேன். தங்கை பாதிச் செலவை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, போனை வைக்காமல் வெகுநேரம் அழுதாள். மனைவியிடம் உப்பைப் பற்றி மட்டும் சொன்னேன், மற்றதை இன்னும் சொல்லவில்லை. மருத்துவமனைக்குச் செவ்வாய்க்கிழமை போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம்: அங்கே போய் மறுபடியும் பேச்சு நின்றுவிட்டால் என்ன செய்வது? எழுதிக் கொண்டுபோகலாமா?

வேப்பமரத்தடி எழுதியது:

தாராளமாக. நான் மகளுடைய நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரே படித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகமாக இருக்கும், காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.